பக்கத்து லேன்

ஏர் ரைபிள் கூடத்தில் சேர்ந்தால் முதல் நாளே சுட விட்டுவிட மாட்டார்கள். ஆரஞ்சு நிறத்தில் நீளமான ஒரு பிளாஸ்டிக் நூலைக் கையில் கொடுத்து, அதைக் குழலுக்குள் கோத்துக் காட்டச் சொல்வார்கள். சேஃப்டி ஃப்ளாக் என்பது அதன் பெயர். ஒரு முனை பின்னால் தொங்க வேண்டும், மறுமுனை வாய் வழியாக வெளியே தலைகாட்ட வேண்டும். உள்ளே பெல்லட் இருந்தால் நூல் அந்தப் பக்கம் வராது. உலகப் போட்டிகளிலும் இது கட்டாயம். நூல் கோக்காத துப்பாக்கியை விட்டுவிட்டு யாரும் நகர முடியாது.

இந்த நூலால் சுடுகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. தன் துப்பாக்கியில் குண்டு இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே தெரியும். பக்கத்து லேனில் நிற்பவர் ஒரு வார்த்தை கேட்காமல், ஓரக்கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகத்தான் அது. தறி ஊரான குமாரபாளையத்தில் பிறந்தவனுக்கு நூல் ஒன்றும் புதிதில்லை. பாவும் ஊடையும் பார்த்து வளர்ந்த கண். ஆனாலும் யாரென்றே தெரியாத ஒருவருக்காக ஒரு நூலைக் கோத்து வைக்கும் பழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது.

காவிரியைத் தாண்டி, ஈரோட்டுப் பக்கம், ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது அந்தக் கூடம். பத்து மீட்டர் நீளம், எதிரே வெள்ளை விளக்கு, அதன் கீழே காகித அட்டைகள். அட்டையில் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், நடுவில் பத்து என்று மதிப்பெண் தரும் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். இங்கிருந்து பார்த்தால் அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. தெரியாத ஒன்றைக் குறிவைத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்கிறார்கள்: சாயப்பட்டறை வைத்திருப்பவர், கூட்டுறவு வங்கி ஊழியர், போலீஸ் வேலைக்குப் படிக்கும் பையன், என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டுப் பழகிய கல்லூரிப் பெண், பள்ளிப் பிள்ளைகள் சிலர். தறிச் சத்தத்திலேயே காது பழகிப்போன எனக்கு இந்த அமைதி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தறிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும், இல்லையென்றால் கைஜாடை. இங்கே பக்கத்து லேன்காரர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

எங்கள் ஊரில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் கேள்விகள் ஒரு வரிசையில் வரும். "எந்தூருங்க?" "யாரு வீடுங்க?" "எந்தக் கோயில்ல கும்பிடறீங்க?" மூன்றாவது கேள்வியோடு சாதி தெரிந்துவிடும், நேராகக் கேட்கவில்லை என்ற திருப்தி கேட்டவருக்கு. பாவு கொடுப்பதானாலும், தறிக்கு ஆள் சேர்த்து அட்வான்ஸ் கொடுப்பதானாலும், வீடு வாடகைக்கு விடுவதானாலும், நம்பிக்கை என்பது இந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றால் போதும். இல்லையென்றால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாசலோடு சரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. காவலும் கோர்ட்டும் தூரத்தில் இருந்த காலத்தில் இதுதான் காப்பாக இருந்திருக்கும்.

ஆனால் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. கண்ணில் பட்டால் கண் போச்சு. அந்தச் சாமான் கையில் இருக்கும் ஐந்தாறு பேருக்கு நடுவில் நான் நிற்கிறேன்; அவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இவ்வளவு நிம்மதியாக நான் முன்பின் தெரியாதவர்களிடம் முதுகைக் காட்டி நின்றது வேறெங்கும் இல்லை. ஒருவரை நம்புவதற்கு அவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்வி அங்கேதான் எனக்குள் புகுந்துகொண்டது.

ஒரு ஞாயிறு, போர்வெல் ரிக் வண்டிகள் ஓட்டும் முதலாளி ஒருவர் புதிதாக வந்திருந்தார். வெள்ளை வேட்டி சட்டை, கூடவே இரண்டு பேர். ரைபிளைத் தூக்கிப் பார்த்தவர், பின்னால் நின்ற ஆள் போட்டோ எடுக்கக் கூப்பிட்டதும் அப்படியே திரும்பினார். குழலும் கூடவே திரும்பியது. பயிற்சியாளர் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது லேனில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, "அங்கிள், பேரல் முன்னாடி!" என்றாள். குரலில் பயமும் இல்லை, துடுக்கும் இல்லை. பஸ்ஸில் "டிக்கெட்" என்று கேட்கிற கண்டக்டரின் குரல் அது. முதலாளி சட்டென்று குழலை அட்டைப் பக்கம் திருப்பினார். "சாரி கண்ணு" என்றார். அவ்வளவுதான். பயிற்சியாளர் சொல்லி நூல் கோத்தார், ரைபிளை மேசையில் வைத்தார், பிறகு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு நான்கு தறி. கூலிக்கு ஓட்டுகிறார். மற்ற இடமாக இருந்தால் அந்த முதலாளிக்கு முன்னால் அவர் உட்காரவே யோசிப்பார். மகள் அதட்டினாள் என்று தெரிந்தால் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க ஓடுவார். கூடத்துக்குள் அது ஒரு செய்தியாகவே இல்லை. கட்டளை யார் வாயில் வந்தது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. "ஸ்டாப்" என்று குரல் கேட்டால் நிறுத்த வேண்டும், ஏன் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

துப்பாக்கிப் பேச்சு வந்தால் அர்ஜுனன் பேச்சும் வந்துவிடும். எங்கள் பக்கத்துப் பள்ளி ஆண்டுவிழாக்களில் அந்தக் கதையைச் சொல்லாத சிறப்பு விருந்தினரை நான் பார்த்ததில்லை. துரோணர் மரத்தில் ஒரு பறவைப் பொம்மையை வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். தருமன், மரம் தெரிகிறது, நீங்கள் தெரிகிறீர்கள், தம்பிகள் தெரிகிறார்கள், பறவையும் தெரிகிறது என்கிறான். தள்ளி நில் என்கிறார் குரு. அர்ஜுனனுக்குப் பறவை மட்டும் தெரிகிறது, ஜெயிக்கிறான்.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு தகராறு. ஒன்று தொழில் சம்பந்தப்பட்டது. சுடுகிறவர் குறியைக் கூர்ந்து பார்க்கக் கூடாது. கண்ணால் ஒரே நேரத்தில் இரண்டு தூரங்களைத் தெளிவாகப் பார்க்க முடியாது. துப்பாக்கி முனையில் இருக்கும் முன்சைட் தெளிவாக இருக்க வேண்டும், குறி கொஞ்சம் மங்கலாகவே இருக்கட்டும் என்பதுதான் பாடம். பறவையையே முறைத்துக்கொண்டிருந்தால் முனை எங்கே அலைகிறதென்று தெரியாமலே போய்விடும். இரண்டாவது தகராறு பெரியது. தருமன் சொன்ன பதில்தான் ஒரு கூடத்தில் நிற்பவன் சொல்ல வேண்டிய பதில். யார் எங்கே நிற்கிறார்கள், தம்பி முன்னால் போய்விட்டானா, குரு மரத்தடியில் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் நாணை இழுக்க வேண்டும். குருக்ஷேத்திரத்துக்கு ஆள் தயார் செய்கிறவருக்கு வேண்டுமானால் தருமன் தோற்றவனாக இருக்கலாம். எங்கள் பயிற்சியாளராக இருந்தால் அவனுக்குத்தான் முதலில் பெல்லட் டப்பாவைக் கொடுத்திருப்பார்.

அர்ஜுனன் மாதிரி பார்த்துக் கெட்டவர் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலை ரைபிள் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் மூன்று புள்ளி முன்னால். கடைசிக் குண்டு எட்டில் விழுந்தாலும் தங்கம். சுட்டார், 8.1. ஆனால் அவர் திரையில் ஒன்றும் வரவில்லை. அவர் நின்றது இரண்டாவது லேன்; குண்டு போனது மூன்றாவது லேனில் இருந்த ஆஸ்திரியக்காரரின் அட்டைக்கு. கணக்கில் பூஜ்யம். எட்டாம் இடம். சீனாவின் ஜியா ஜான்போ தங்கம் வாங்கினார். வழக்கமாக அட்டைக்கு மேலே இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவாராம் எம்மன்ஸ். அன்று தன்னை அமைதிப்படுத்திக்கொள்வதிலேயே மனம் நின்றுவிட்டது. பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்பது ஒரு நொடி மறந்துபோனதற்கு விலை ஒரு தங்கம்.

அந்தக் கதை அங்கே முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. அன்று மாலை அவரைத் தேடி வந்து ஆறுதல் சொன்னவர் செக் நாட்டுத் துப்பாக்கி வீராங்கனை கத்தரீனா. அதே ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வாங்கியவர். 2007-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். 2008 பெய்ஜிங்கில் முதல் தங்கமே கத்தரீனாவுக்கு. அதே பெய்ஜிங்கில் மூன்று நிலை ரைபிளில் எம்மன்ஸ் மறுபடி முன்னிலையில் இருந்து, கடைசிக் குண்டில் விரல் முந்திக்கொண்டு 4.4 வாங்கி, அந்தப் போட்டியில் பதக்கம் இல்லாமல் வந்தார். வீட்டில் ஆறுதல் சொல்ல ஆள் இருந்தது.

மற்றபடி இந்த விளையாட்டில் ஒருவர் இன்னொருவரைக் கெடுக்க வழி கிடையாது. தள்ள முடியாது, மறிக்க முடியாது, பந்தைப் பிடுங்க முடியாது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியவர். எங்கள் கூடத்துப் பிள்ளைகளுக்கு அவர்தான் எல்லாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் அவர் 630.7. உடன் சுட்ட நம் நாட்டு ரமிதா 631.5. அறுபது குண்டுக்கு 0.8 வித்தியாசம். ரமிதா ஐந்தாவதாக இறுதிக்குப் போனார், இளவேனில் பத்தாவதாக நின்றுவிட்டார். எட்டுப் பேருக்குத்தான் இடம். இருவரும் ஒரே வரிசையில் நின்று, ஒருவர் அட்டையை ஒருவர் பார்க்காமல் சுட்டது அது. யார் மேலும் பழி போட முடியாது. குறி பார்க்காத கண்ணை மறைத்துக்கொள்ள 30 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மறைப்பு கட்டிக்கொள்ள விதியே இடம் தருகிறது.

கூடத்தை நான் கோயிலாக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். உள்ளே "யாரு வீடு" என்று கேட்பதில்லை என்றால், வாசலிலேயே வேறொரு கேள்வி கேட்டு முடித்துவிடுகிறார்கள் என்பதும் ஒரு காரணம். போட்டிக்கான வெளிநாட்டு ஏர் ரைபிள் லட்சங்களில் விலை. விறைப்பான கேன்வாஸ் சட்டை, தட்டையான பூட்ஸ் எல்லாம் தனிக் காசு. 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை, பணம் வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தறி ஓட்டுகிறவரின் பிள்ளை அங்கே வந்து நான் பார்த்ததில்லை. நான்கு தறிக்காரரின் மகள் வருவதே கூடத்து ரைபிளைக் கடன் வாங்கித்தான். சாதியைக் கேட்காத இடம் என்று நான் பெருமை பேசினால், அந்த ஷிப்டுக்காரர் சிரிப்பார்.

ஆனாலும் நான் கண்டதை இல்லையென்று சொல்ல மாட்டேன். முறை சரியாக இருந்தால் ஆள் யாரென்று தெரியாமலே நம்பலாம். முறை இல்லாத இடத்தில் மாமன் மச்சானே ஆனாலும் தள்ளி நிற்பதுதான் புத்தி.

இதைச் சோதிக்க ஆடி 18-க்கு வந்து பார்க்கலாம். காவிரிக்கரைக் கூட்டத்தில் பலூன் சுடும் கடை போட்டிருப்பார்கள். அதுவும் ஏர்கன்தான். கடைக்காரர் உடைந்த பலூனுக்குப் பதில் புதுப் பலூன் மாட்டப் பலகைக்கு முன்னால் போவார். அதே நேரத்தில் இந்தப் பக்கம் ஒருவர் குண்டு போட்டுக்கொண்டிருப்பார். நடுவில் குழந்தைகள் விழுந்த பெல்லட் பொறுக்க ஓடும். சுற்றி நிற்பது எல்லாரும் ஒரே ஊர், ஒரே தெரு, பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரிந்தவர்கள்.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்கு இடம் ஒதுக்கும்போதே பலூன் கடையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டச் சொல்லுங்கள். பலகைக்கு முன்னால் ஆள் போகும்போது துப்பாக்கியெல்லாம் மேசையில் கிடக்க வேண்டும் என்று ஒரு அட்டை எழுதி மாட்டுங்கள். கயிறு நம்மூரிலேயே கிடைக்கும்.