புள்ளியில் தொடங்கும் கோப்பு

மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் மென்பொருளான விஎம்டி-யைத் திறந்தால் கருப்புத் திரை. இடது கீழ் மூலையில் மூன்று நிறத்தில் அச்சுகள். மூலக்கூறை ஏற்றினால் மெல்லிய கோடுகளாக வந்து நிற்கும். கிட்டே இருப்பது பெரிது, எட்ட இருப்பது சிறிது. இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் ஷுல்டனின் குழு எடுத்த முடிவு. மென்பொருளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1996-ல் வந்தது.

அந்த முடிவுகளை மாற்றிக்கொள்ள எனக்கென்று ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். பெயர் .விஎம்டிஆர்சி. முன்னால் புள்ளி இருப்பதால் லினக்ஸில் சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணில் படாது. பின்புலம் வெள்ளை, அச்சுகள் வேண்டாம், தூரத்து மங்கல் வேண்டாம், புரதம் என்றால் நியூகார்ட்டூன் என்ற நாடா வடிவம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

*

நிரல் இந்தக் கோப்பை மூன்று இடங்களில் தேடும்: வேலை செய்யும் கோப்புறை, பிறகு நம் ஹோம் கோப்புறை, கடைசியில் மென்பொருள் நிறுவப்பட்ட இடம். முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும். ஆகவே சொந்தக் கோப்பு வைத்ததும் கூடவே வந்த பொதுக் கோப்பு படிக்கப்படாமல் போகும். ‘மெனு மெயின் ஆன்’ என்ற வரியை நாமே எழுதாவிட்டால் பிரதான மெனுவே வராது. புதிதாக வருகிறவர்கள் மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கெடவில்லை, இனி எல்லாம் உன் பொறுப்பு என்று அது எடுத்துக்கொண்டுவிட்டது.

*

கொலாஜன் என்ற புரதத்தைப் பார்க்கும்போது, எட்ட இருப்பதைச் சிறிதாக்காத ஆர்த்தோகிராஃபிக் காட்சி வேண்டும். 1994-ல் வெளியான 1சிஏஜி என்ற படிக அமைப்பை எடுத்து, இழையின் நீளவாக்கில் கண்ணை வைத்து நோக்குகிறேன். விஎம்டி தானாகத் தரும் பெர்ஸ்பெக்டிவ்வில் முன்முனை வீங்கி பின்முனையை மறைத்துவிடுகிறது. காட்சி முறையை மாற்றியதும் மூன்று சங்கிலிகளும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம், உள்ளே திரும்பியபடி. வேறெதற்கும் அங்கே இடமில்லை. நடுவில் மட்டும் ஒரு கிளைசினுக்குப் பதில் அலனைன் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் முறுக்கு சற்றுத் தளர்ந்து, தண்ணீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்திருக்கின்றன.

*

இந்த மூவிழைச் சுருள் முதலில் கண்டறியப்பட்டது நம் ஊரில். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் அதை எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த கங்காரு வால் தசைநாரின் கொலாஜன் அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு ரிச், கிரிக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் மறுத்தார்கள்: மூன்று அமினோ அமில எச்சங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறீர்கள், ஒன்றுதான் சரி, உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன.

எவ்வளவு நெருங்கினால் அளவுக்கு மீறியது? அந்தக் கேள்வியை ராமச்சந்திரன் விடவில்லை. வெளியாகியிருந்த படிக அமைப்புகளிலிருந்து அணுக்களுக்கு இடையிலான தூரங்களைத் திரட்டினார். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடம் அந்தத் தூரங்களின் மேல் நிற்கிறது. எனக்கு வரைபடத்தைவிடப் பிடித்தது அதன் அடியிலுள்ள அட்டவணை. ஒவ்வொரு அணு ஜோடிக்கும் இரண்டு எல்லைகள்: வழக்கமானது ஒன்று, அதற்கும் கீழே கடைசி எல்லை ஒன்று. கார்பனுக்கும் கார்பனுக்கும் 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசியாக 3.0. ஹைட்ரஜன் இரண்டுக்கும் 2.0, கடைசியாக 1.9. எந்த எண்களில் தொடங்கினோம் என்று எல்லோரும் பார்க்க அச்சிட்டு வைத்தார்கள். எண்ணை மாற்றினால் அனுமதிக்கப்பட்ட பரப்பு விரியும், சுருங்கும். அதையும் மறைக்கவில்லை.

ஒன்றா இரண்டா என்ற வழக்கில் பின்னால் வந்த படிகங்கள் ஒன்று என்ற பக்கமே சாய்ந்தன. அட்டவணையின் மதிப்பு அதனால் குறைந்துபோகவில்லை.

*

என் கோப்பிலும் அப்படி ஒரு எண் இருந்தது. ஹைட்ரஜன் பிணைப்பை வரைய விஎம்டி தானாக எடுத்துக்கொள்ளும் எல்லை 3.0 ஆங்ஸ்ட்ராம், 20 டிகிரி. நான் 3.5, 30 என்று வைத்து அதை ஒரு விசைக்குக் கொடுத்திருந்தேன். விசையைத் தட்டினால் கூடுதலான புள்ளிக்கோடுகள் வரும். படத்தைப் பார்க்கிறவர்கள் பிணைப்புகளை எண்ணுவார்கள். அந்தக் கோடுகளுக்குப் பின்னால் இருக்கும் 3.5 அவர்களுக்குத் தெரியாது. வெள்ளைப் பின்புலம் ருசி சம்பந்தப்பட்டது. இது அப்படியல்ல, இது ஒரு வாதம்.

இங்கே அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி ஓட்டும் பட்டறைகளில் இயந்திரத்தை அமைக்கும் செட்டர், கருவியின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட்டை மாற்றினால் செட்டிங் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும். நைட் ஷிப்ட் ஆள் அதைப் பார்த்துத்தான் சைக்கிள் ஸ்டார்ட் தட்டுவார். மனசுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற செட்டரை யாரும் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை.

*

பைமால் என்ற இன்னொரு மூலக்கூறு மென்பொருளில் ‘-கே’ என்று சேர்த்துத் திறந்தால் அதன் சொந்தக் கோப்பான பைமால்ஆர்சி படிக்கப்படாது. விஎம்டி-யில் ‘-ஸ்டார்ட்அப்’ கொடுத்து வேறு கோப்பைக் காட்டலாம். படம் வெளியே போகுமுன் அப்படி ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. எது மூலக்கூறு, எது என் பழக்கம் என்று அப்போதுதான் பிரியும். பிணைப்பு எல்லையை மட்டும் கோப்பிலிருந்து எடுத்து அந்தந்தப் படத்துக்கான ஸ்கிரிப்டில் போட்டுவிட்டேன், படக்குறிப்பிலும் எண்ணோடு. அச்சுகளை அணைக்கும் வரி கோப்பிலேயே இருக்கட்டும். அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.