பந்தும் மருந்தும்

புத்தூரில் மாலைவேளையிற் பந்துதைக்கும் மாணவனைப் பார்த்து, "படிப்பா, பந்தா?" என்று பெரியோர் வினவுவதுண்டு. அவன் மருத்துவபீடம் புகுந்துவிட்டாலோ வினா கட்டளையாகிவிடுகிறது.

டாக்டர் தலிமெரன் ஆவோ இரண்டில் ஒன்றைத் துறந்தாரல்லர். நாகர் குன்றுகளிற் பிறந்த அவர், கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியிற் பயின்றவாறே மோகன் பகான் கழகத்திற்காக ஆடினார். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணித்தலைவர் அவரே; பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய அவ்வணி பிரான்சிடம் 2-1 எனத் தோற்றது. 1950இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், பின்னர் தம் மலைநாட்டிற்கே மீண்டு, நாகாலாந்தின் சுகாதார சேவைகள் பணிப்பாளரானார்.

பிரேசிலின் சோக்ரட்டீசும் கழகத்தில் ஆடிக்கொண்டே மருத்துவம் பயின்றவர்தாம். ஆயின் பட்டம் பெற்றபின் அவர் தேர்ந்தது பந்தை. இராணுவ ஆட்சிக்காலத்தில், கொரிந்தியன்ஸ் கழக அலுவல்களை ஆட்டக்காரரும் ஊழியரும் வாக்களித்துத் தீர்மானிக்கும் முறைக்கு 1980களின் தொடக்கத்தில் அவர் முன்னின்றார். அதுவும் ஒருவகைச் சிகிச்சையே என்பேன், மறுப்போரும் உளர்.

மறுப்போர் கூற்றிலும் நியாயமுண்டு. 1945 முதல் இலவசக் கல்வி நிலவும் இந்நாட்டில், மருத்துவ மாணவனின் செலவை மலையகத் தொழிலாளியும் புத்தூர் வெங்காயத் தோட்டக்காரனுமே சுமக்கின்றனர். ஒரு மருத்துவபீட இடம் வீணானால் நட்டம் அவர்களுக்கே. கடன் மெய். ஆனால் அக்கடனைக் காட்டி ஒருவனின் மாலைப்பொழுதைப் பறிக்கும் நாம், பட்டத்தோடு கடல்கடந்து திரும்பாத வைத்தியனிடம் அதே கணக்கைக் கேட்டதுண்டா? அவனுக்கன்றோ சீதனமும் கொடுத்து வழியனுப்புகிறோம்!