சுபாவமும் சுற்றமும்

ஒரு வீட்டில் 90 வயதுப் பாட்டி கண்மூடினால், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். "அந்த அம்மாளுடைய குணத்துக்குத்தான் இவ்வளவு ஆயுசு. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை" என்பார் ஒருவர். "குணம் இருக்கட்டும் ஐயா, மருமகள் பார்த்துக்கொண்டாளே, அதைச் சொல்லும்" என்பார் மற்றொருவர். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். ஆனால் கேள்வி தீர்வதில்லை. மனிதனுக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியான முதுமையும் எதனால் வாய்க்கின்றன? அவனுடைய சுபாவத்தாலா, அவனைச் சூழ்ந்திருப்பவர்களாலா?

வீண் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. சுபாவம்தான் காரணம் என்றால், முதியவர் தம் நிம்மதியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான். நமக்கு அதில் பங்கில்லை. சுற்றம்தான் காரணம் என்றால், அவர் படும் துயரத்தில் ஒரு பகுதி நம் கணக்கில் எழுதப்படும். ஆகவே சற்று நிதானமாக ஆராய்வோம்.

அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆராய்ச்சியாளர் 1986-ம் ஆண்டில், நோத்ர்தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த வயதான கன்னியரிடையே ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நாளடைவில் 678 கன்னியர் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் 75 வயதைத் தாண்டியவர்கள். ஆண்டுதோறும் பரிசோதனைக்கு இசைந்ததோடு, இறந்தபின் தங்கள் மூளையையும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள், மரித்த பின்னும் பாடம் சொல்ல முன்வந்தார்கள்!

கன்னியரை ஏன் தேர்ந்துகொண்டார்? காரணம் இருக்கிறது. வெளியுலகில் ஒருவன் நெடுநாள் வாழ்ந்தால், பணமா, உணவா, வேலையா, எது காரணமென்று பிரித்தறிவது கடினம். மடத்தில் அப்படியல்ல. ஒரே பந்தி, ஒரே மணியோசை, ஒரே விதமான வேலை, நோய் வந்தால் ஒரே விதமான கவனிப்பு. சூழ்நிலை ஏறக்குறைய ஒன்றாயிருப்பதால், மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தென்படும்.

இவர்கள் இளம் கன்னியராயிருந்த காலத்தில், 1930-ம் ஆண்டையொட்டி, ஒவ்வொருவரும் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தரவேண்டுமென்று சபைத் தலைவி கேட்டிருந்தார். அந்தத் தாள்கள் மடத்து ஏடுகளில் பத்திரமாயிருந்தன. அவற்றில் 180 தாள்களை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் படித்தார்கள். எழுதியபோது அவர்களுடைய சராசரி வயது 22. சிலருடைய தாளில் மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை, அன்பு ஆகியவை வரிக்கு வரி பொங்கின. சிலருடைய தாளில் பிறந்த தேதி, படித்த பள்ளி, செய்த வேலை என்று வெறும் விவரங்களே இருந்தன. 2001-ல் முடிவு வெளியாயிற்று. மகிழ்ச்சியை மிகுதியாய் எழுதிய கால்பங்கினர், மிகக் குறைவாய் எழுதிய கால்பங்கினரைவிடச் சராசரியாக ஏறக்குறைய 7 முதல் 10 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள்!

ஆகையால் சுபாவமே வென்றது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அவசரம் வேண்டாம்.

முதலாவது, நீண்ட ஆயுள் நற்குணத்துக்குக் கிடைக்கும் கூலியல்ல. அர்ச். ஞானப்பிரகாசியார் 1591-ல் தமது 23-ம் வயதில் மரித்தார். அர்ச். சிறுபுஷ்பம் தெரேசம்மாள் 1897-ல் 24-ம் வயதில் மரித்தாள். சராசரிக் கணக்கு கூட்டத்தைப் பற்றிச் சொல்லுமேயன்றி, ஓர் ஆத்துமத்தின் தகுதியை அளக்காது.

இரண்டாவது, 22 வயதுப் பெண்ணிடம் காணப்பட்ட அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? பிறவியிலேயே கொஞ்சம் வந்திருக்கும். ஆனால் அவள் வளர்ந்த வீடு, தாய் தந்தையர் பேசிய விதம், ஆசிரியைகள் காட்டிய பரிவு இவையும் சேர்ந்துதான் அவளை அப்படி ஆக்கியிருக்க வேண்டும். நேற்றைய சுற்றமே இன்றைய சுபாவத்தின் ஒரு பகுதி. அப்படியிருக்க, கணவனை இழந்து தனியறையில் அழுதுகொண்டிருக்கும் மூதாட்டியிடம் போய், "சந்தோஷமாயிரும், ஆயுசு கூடும்" என்று புத்தி சொல்வது அன்பாகுமா? அழுகிறவளிடமே அவளுடைய அழுகைக்குக் கணக்குக் கேட்பதல்லவா அது?

இனிச் சுற்றத்தின் பக்கம் பார்ப்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் ரொசெட்டோ என்ற சிற்றூர் உண்டு. இத்தாலியிலுள்ள ரொசெட்டோ வல்போர்ட்டோரே என்னும் ஊரிலிருந்து 19-ம் நூற்றாண்டின் கடைசியில் குடியேறிய ஏழைகள் உண்டாக்கிய ஊர் அது. ஆண்கள் பலகைக்கல் சுரங்கங்களில் உழைத்தார்கள். கார்மேல் மாதா ஆலயம் அவர்களுடைய வாழ்க்கையின் நடுவில் நின்றது. 1960-களின் தொடக்கத்தில் ஸ்டூவர்ட் வுல்ஃப் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் அவ்வூரை ஆராய்ந்து வியப்படைந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களைவிட அங்கே மாரடைப்பால் மாண்டவர்கள் மிகக் குறைவு. உணவு காரணமா? இல்லை, பன்றிக்கொழுப்பில் பொரித்ததைத்தான் உண்டார்கள். புகை பிடித்தார்கள், திராட்சரசமும் பருகினார்கள். பக்கத்து ஊராரும் அதே தண்ணீரைக் குடித்தவர்கள்தாம், அதே மருத்துவர்களிடம் போனவர்கள்தாம்.

ஆராய்ச்சியாளர்களின் கண்ணில் பட்டது வேறொன்று. பாட்டனும் மகனும் பேரனும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். செல்வமுள்ளவன் தன் செல்வத்தைப் பகட்டாகக் காட்டிக்கொள்வதை ஊரார் விரும்பவில்லை. முதியவர்களை ஒதுக்கிவைக்கவில்லை, குடும்பத்தில் வழக்கு வந்தால் அவர்களிடம்தான் தீர்ப்புக் கேட்டார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. பிள்ளைகள் படித்தார்கள், வசதி வந்தது. தனித்தனியே பெரிய வீடுகள் எழும்பின, வேலிகளும் எழும்பின. இந்த மாறுதல் ஊரின் இருதயத்தைப் பாதிக்குமென்று ஆராய்ச்சியாளர்கள் முன்னதாகவே அஞ்சினார்கள். அப்படியே நடந்தது. 1970-களில் ரொசெட்டோவின் மாரடைப்புக் கணக்கு பக்கத்து ஊரின் கணக்கோடு சமமாகிவிட்டது. சிற்றூரானபடியால் எண்ணிக்கை சிறிது. இதை மாறாத விதியென்று கொள்ளலாகாது. ஆனாலும் 2010-ல் 148 ஆராய்ச்சிகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றியவற்றை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே பாடமே கிடைத்தது. உற்றார் உறவு வலுவாயிருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு, அது இல்லாதவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிருந்தது.

அப்படியானால் நாம் கேட்ட கேள்வியையே திருத்த வேண்டியதாகிறது. சுபாவமா சுற்றமா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினோம். ஆனால் சுற்றம் என்பது காற்றும் தண்ணீரும் மட்டுமா? தமிழில் அச்சொல்லுக்கு உறவினர் என்றல்லவா பொருள்! உன்னுடைய சுபாவம் உனக்குச் சுபாவம். உன் வீட்டு முதியவருக்கோ அதுவே சுற்றம். காலையில் நீ முகத்தைச் சுளித்தால், அன்றைக்கு அவருடைய வானிலை அதுதான். இது மறுபக்கமும் உண்மை. ஓயாமல் குறைகூறும் பெரியவர், தம் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கடுமையான சுற்றமாகிறார். பிறவிச் சுபாவத்தை அடியோடு மாற்றுவது எவருக்கும் எளிதல்ல. நாவை அடக்குவதும் நன்றி சொல்வதும் எல்லோராலும் கூடும்.

இன்னொரு செய்தி. 1976-ல் கனெக்டிகட் மாகாணத்து முதியோர் இல்லமொன்றில் லாங்கர், ரோடின் என்னும் இரு பெண்மணிகள் செய்த சோதனையின் முடிவு வெளிவந்தது. ஒரு மாடியில் இருந்தவர்களுக்குச் செடியொன்றைக் கொடுத்து, "நீங்களே பராமரியுங்கள், உங்கள் காரியங்களை நீங்களே தீர்மானியுங்கள்" என்றார்கள். இன்னொரு மாடியிலிருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது. ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை தாதியருடையது. சில வாரங்களில், தாமே செடி வளர்த்தவர்கள் மற்றவர்களைவிட உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் காணப்பட்டார்கள். "அம்மா, நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா உட்காருங்கள்" என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம். அந்த அன்பு சில வேளை அவர்கள் கையிலிருந்த கடைசி வேலையையும் பிடுங்கிக்கொள்கிறது. கீரை ஆய்வதையும், பேரனுக்குச் செபம் சொல்லித்தருவதையும், கலியாணக் காரியத்தில் ஒரு வார்த்தை சொல்வதையும் அவர்களுக்கு விட்டுவைப்போம்.

கடைசியாக ஒன்று. இவற்றையெல்லாம் ஆயுளைக் கூட்டும் மருந்தாக மட்டும் எண்ணிச் செய்வோமானால், மருந்து பலிக்காதபோது நிறுத்திவிடுவோம். பிள்ளையின் பேரையே மறந்துவிட்ட தகப்பனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதால் ஒருநாள் ஆயுசுகூடக் கூடாமற் போகலாம். அப்போதும் அந்தக் கடன் கடன்தான். பிதா மாதாவைப் பற்றிய நாலாம் கற்பனை பலனைக் கணக்கிட்டுப் பின்பற்றும்படி தரப்பட்டதல்ல.

இன்று பூசை முடிந்து வீடு திரும்பியதும், உன் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கும் வயதானவரின் அருகில் கால்மணி நேரம் உட்கார். புத்தி சொல்லாதே, அவரிடம் ஒரு யோசனை கேள்.