அடி விழட்டும், இறங்கு!

உடைந்துவிடுமோ என்று பயந்து இன்னும் வரைபடத்தையே திருத்திக்கொண்டிருக்கிறாயா? உடையத்தான் போகிறது. சண்டை ரோபோ ஒன்றைச் செய்து களத்தில் இறக்கினால் அது நசுங்கும், கவிழும், சக்கரம் கழன்று ஓடும், சில நேரம் புகைந்தும் போகும். இதை முதல் நாளே ஒப்புக்கொண்ட பிள்ளைக்குத்தான் நல்ல கவசம் செய்ய வரும்.

ஆக்லாந்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மவுண்ட் ராஸ்கில்லிலோ சாண்ட்ரிங்ஹாமிலோ வீட்டுக் கராஜில் நின்றுகொண்டு, "இதெல்லாம் அமெரிக்காக்காரர்களுக்குத்தான்" என்று ஒதுங்காதே. நீ நிற்கும் ஊர் எப்பேர்ப்பட்ட ஊர் தெரியுமா? புரூஸ் மெக்லாரன் 1937இல் அங்கே பிறந்தவர். சிறுவயதில் இடுப்பு எலும்பு நோய் வந்து, டாகாபுனாவில் இருந்த வில்சன் இல்லத்தில் நெடுநாள் கிடந்தார். எழுந்து வந்தவர் பழைய ஆஸ்டின் செவன் காரில் பந்தயம் ஓட்டப் பழகினார். 1959இல், 22 வயதில், அமெரிக்க கிராண்ட் பிரீயை வென்றார். பார்முலா ஒன் களத்தில் இன்றும் அவர் பெயர் ஓடுகிறது.

இதே நாட்டின் பீட்டர் பெக்கைப் பார். கல்லூரிப் பட்டம் இல்லை. தொழிற்சாலையில் பழகுநராகச் சேர்ந்து கருவி செய்யக் கற்றவர். 2006இல் ராக்கெட் லேப் நிறுவனத்தைத் தொடங்கினார். 2017 மே மாதம் மாஹியா தீபகற்பத்திலிருந்து கிளம்பிய முதல் எலெக்ட்ரான் ராக்கெட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இது ஒரு சோதனை'. அது விண்வெளியைத் தொட்டது, சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. சோர்ந்தார்களா? அடுத்ததற்கு 'இன்னும் சோதனைதான்' என்று பெயர் வைத்தார்கள். 2018 ஜனவரியில் அது சுற்றுப்பாதையை எட்டியது. தோற்றால் மானம் போய்விடும் என்று நடுங்குகிறவர்கள் வைக்கிற பெயரா இது? உன் முதல் ரோபோவுக்கும் தைரியமாக அப்படி ஒரு பெயர் வை.

சரி, கவசத்துக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் 150 கிராம் எடை வகுப்பிலோ ஒன்றரைக் கிலோ வகுப்பிலோ தொடங்குவதே நல்லது. ஒன்றரைக் கிலோ என்றே வைத்துக்கொள். "இரும்பைப் போட்டு மூடிவிடுகிறேன்" என்று துள்ளாதே, கணக்குப் போடு. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு, 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஹார்டாக்ஸ் எஃகு என்றால் ஏறத்தாழ 235 கிராம். அதே அளவு டைட்டானியம் 133 கிராம், விலையோ கையைச் சுடும். நாம் காய் நறுக்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, எச்.டி.பி.ஈ., அது 10 மில்லிமீட்டர் தடிமனிலும் 95 கிராம்தான். எதிராளியின் ஆயுதத்தில் சுழலும் பல் அதில் பட்டால் ஒரு சீவல் பெயரும், பலகை நொறுங்காது. அடியின் வேகத்தைத் தானே வளைந்து வாங்கிக்கொள்ளும். முதல் ரோபோவின் சுற்றுச்சுவருக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை என்பது என் முடிவு. எஃகை முன்பக்கச் சரிவுத் தகட்டுக்கு மட்டும் வை. சரிவாக வைத்தால் எதிராளியின் ஆயுதம் கடிக்க இடமில்லாமல் வழுக்கி மேலே போகும்.

அக்ரிலிக் பக்கமே போகாதே, சில்லு சில்லாகிவிடும். பாலிகார்பனேட் போட்டால் திருகு இறுக்கும் பசையை அதன் மேல் படவிடாதே. துளையைச் சுற்றி விரிசல் ஓடும். அங்கே நைலான் வளையம் வைத்த நட்டுதான் சரி. கவசத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் வாஷர் கொடு. தகடு தாங்கிவிடும், அதைப் பிடித்திருக்கும் திருகுதான் முதலில் அறுந்து போகும். பேட்டரியை நடுவில் வை, சுற்றிலும் ஸ்பாஞ்ச் வை. லித்தியம் பேட்டரியை ஆள் இல்லாத இடத்தில் சார்ஜ் போடாதே, தீப்பிடிக்காத பைக்குள் வைத்தே போடு. ஆயுதம் இருந்தால், மேசை மேல் இருக்கும்போது அது சுழலாமல் தடுக்கும் பூட்டுக்கம்பி இல்லாமல் தொடவே கூடாது. இதில் வீரம் காட்டுகிறவன் விரலை இழப்பான்.

ஆயுதத்தைப் பற்றி ஒன்று. வேகமாகச் சுற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும், உண்மைதான். ஆனால் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றும், இரண்டு பல் உள்ள சக்கரம், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நெருங்கினால் ஒரு பல் கடிக்கக் கிடைப்பது 10 மில்லிமீட்டர்தான். ஒரே பல் என்றால் 20. அவ்வளவு நுணுக்கம் இருக்கிறது! ஆகவே முதல் ரோபோ சரிவுத் தகட்டோடு முட்டித் தள்ளுவதாகவே இருக்கட்டும். கவிழ்ந்தாலும் தலைகீழாக ஓடும்படி செய். பிறகு ஓட்டு, இன்னும் ஓட்டு. கட்டுப்பாட்டுக்கும் பாய்ந்து தாக்குவதற்கும் நடுவர்கள் மதிப்பெண் தருகிறார்கள்.

ரியோ டி ஜெனிரோவின் பல்கலைக்கழக மாணவர்கள் ரியோபாட்ஸ் என்று ஓர் அணி கட்டினார்கள். அவர்களுடைய பேராசிரியர் மார்கோ அந்தோனியோ மெஜியோலாரோ, கற்றதையெல்லாம் ஒரு பெரிய கையேடாக எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார். ரகசியத்தை வாரிக் கொடுத்த அந்த அணியின் மினோட்டார் ரோபோதான் 2018இல் பேட்டில்பாட்ஸ் என்ற ரோபோ சண்டைப் போட்டியின் இறுதிச் சண்டைவரை வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்த்ரா விழாவிலும் வேலூர் வி.ஐ.டி.யின் கிராவிடாஸ் விழாவிலும் நம் பிள்ளைகள் இதே சண்டையில் மோதுகிறார்கள். உனக்கு மட்டும் என்ன குறை?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "இது என்ன விளையாட்டு, பாடத்தைப் பார்" என்று சொல்லிவிடாதீர்கள். உலோகம் ஏன் வளைகிறது, மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி ஏன் சூடாகிறது என்று கையால் தொட்டுப் படிக்கும் பிள்ளை அந்தப் பாடத்தை மறக்காது. கராஜில் ஒரு மூலையைக் கொடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், அறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

தங்கையே, தம்பியே, நாளைக்கு என்று தள்ளாதே. தராசை எடு. 1,500 கிராமில் மோட்டாருக்கு எவ்வளவு, பேட்டரிக்கு எவ்வளவு, கவசத்துக்கு எவ்வளவு என்று எழுது. காகித அட்டையில் முழு அளவில் வெட்டி ஒட்டிப் பார். உள்ளே எல்லாம் அடங்கியதென்றால் ரம்பத்தை எடுத்துப் பலகையை அறு!