வினை என்ற சொல்லுக்கு ஆங்கிலம்

கிழக்கு லண்டனில், பிள்ளைகளோடு வீடிழந்த குடும்பங்களைக் கவுன்சில் கொண்டுவந்து விடுகிற ஹொஸ்டல் ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்தேன். பதினாலு அறை, பதினாலு குடும்பம், இரண்டு குசினி. குடும்பத்துக்கு ஒரு பூட்டுப்போட்ட அலுமாரி, குளிர்பெட்டியில் ஒரு தட்டு. இரவு ஒன்பதுக்குப் பிறகு வெளியாட்கள் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. உதவிப்பண விண்ணப்பம், பள்ளிக்கூட இடம், டொக்டரிடம் பதிவு, வாடகைப் பாக்கி என்று ஒவ்வொருவருடைய கடதாசிக் கட்டையும் வாரம் ஒருமுறை பிரித்து வைத்துக்கொண்டு இருப்பேன். இதற்குப் பெயர் ஆதரவு. பாதி நேரம், தொலைபேசியில் பாட்டுக் கேட்டபடி யாராவது எடுப்பார்கள் என்று காத்திருப்பதுதான்.

2019 தை மாதம் எங்கட பெண் ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். புருஷன் விட்டுப் போய்விட்டான், கடையில் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், வாடகை பிந்தியது. வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தார். அன்றைக்கு இருந்த சட்டப்படி, 1988 வீட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவில், அவர் காரணமே சொல்லத் தேவையில்லை. நோட்டீஸ் முடிந்த நாளன்று இவள் திறப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். நீதிமன்ற ஆட்கள் வந்து சாமான்களை றோட்டில் வைப்பதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அந்த மானமே அவளுக்கு வினையாக வந்தது.

ஏனென்றால், வெளியே போட்டவர் சொல்லத் தேவையில்லாத காரணத்தை வெளியே வந்தவர் சொல்ல வேண்டும். 1977இல் வந்து 1996 சட்டத்திலும் தொடர்கிற ஒரு கேள்வி இருக்கிறது: இவர் வேண்டுமென்றே வீடிழந்தவரா? ஆம் என்றால், பிள்ளைகள் இருந்தாலும் கவுன்சில் கொஞ்சக் காலத்துக்குத்தான் இடம் தரும். நீதிமன்ற ஆள் கதவைத் தட்டும்வரை இருந்திருக்கலாமே, ஏன் முன்பே போனாய் என்று கேட்கலாம்.

கேட்டார்கள். விசாரணை நாளில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரின் இணைப்பு அறுந்துபோக, பக்கத்தில் இருந்த என்னைச் சொல்லச் சொன்னார் அதிகாரி. இளம் பையன், கெட்டவன் அல்ல. வாடகை கட்ட முடியாமல் போனது எப்படி என்று கேட்டான். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “என்ன சொல்லுறது அக்கா, என்ர வினை.” நான் யோசிக்கவில்லை. ‘நானே தேடிக்கொண்டது’ என்று பொருள்வரும் ஆங்கிலம் என் வாயில் வந்தது. அவன் தட்டச்சு செய்தான். இரண்டரை மாதம் கழித்து வந்த முடிவுக் கடிதத்தில் அந்த வரி இருந்தது: விண்ணப்பதாரரே இதை ஒத்துக்கொள்கிறார்.

அந்தச் சொல்லை நான் முதலில் கவனித்துக் கேட்டது என் ஒன்பதாவது வயதில். 1995 ஒக்டோபர் 30. போர் நெருங்க, வெளியேறும்படி ஒலிபெருக்கியில் சொன்னார்கள், யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. லட்சக்கணக்கான சனம், மழை, நாவற்குழிப் பாலத்தடியில் அடி எடுத்து வைக்க முடியாத நெரிசல். அம்மம்மா சைக்கிள் கரியரில் இருந்து வந்தா. சாவகச்சேரிப் பக்கம் ஒரு கோயில் மடத்தில் அடுத்த நாள் ஈரப் பாயை விரித்தபடி, “செய்த வினை” என்றா. அதைச் சொன்ன பிறகுதான் அவவால் கால் நீட்டிப் படுக்க முடிந்தது.

மடத்தில் எங்களிடம் கேட்டது இரண்டே கேள்வி. எத்தினை பேர்? சின்னப் பிள்ளையள் எத்தினை? எங்கள் ஹொஸ்டல் படிவத்தின் முதல் இரண்டு கேள்விகளும் இவைதான். இதை வைத்து ஊரைப் பொன்னாக்கிக் காட்ட எனக்கு மனமில்லை. வேறு சில இடங்களில் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று சுற்றிவளைத்துக் கேட்டார்கள். அந்தக் கேள்வி சாதியை அறியத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். வேண்டுமென்றே பிறந்தவரா என்று கேட்பது போலத்தான் அது.

கடிதம் வந்த இரவு எனக்கு நித்திரை இல்லை. பல்லக்கில் இருப்பவனையும் அதைச் சுமப்பவனையும் காட்டுகிற முப்பத்தேழாம் குறளை நினைத்துக்கொண்டு கிடந்தேன். அதிலுள்ள ‘வேண்டா’ என்ற சொல்லைப் பரிமேலழகர் ‘நூல் கொண்டு விளக்கத் தேவையில்லை’ என்ற பக்கம் கொண்டுபோகிறார். இந்த இருவரையும் பார்த்தாலே அறத்தின் பயன் விளங்கும் என்கிறார். பின்னால் வந்த சிலருக்கு அது ‘சொல்லாதே’: சுமப்பவனைக் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே. எது வள்ளுவர் நினைத்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் புலவர் அல்ல. ஆனால் பரிமேலழகர் பல்லக்குக்கு வெளியே நின்று பார்க்கிறார். சுமப்பவன் தானே ‘என் வினை’ என்று முனகினால் அது வேறு பேச்சு. எங்கள் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் உண்டு. வினை தன்மைக்கு மட்டும் உரிய சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மம்மா தன்னைப் பற்றிச் சொன்னபோது அது அவவைத் தூங்க வைத்தது. அதே சொல்லைப் படர்க்கைக்கு மாற்றினால் தீர்ப்பாகிவிடுகிறது. அன்று மேசையில் நான் செய்தது அந்த இட மாற்றம்.

சைவர்களான நாங்கள் வினையை நம்புகிறவர்கள். அதை விட்டுவிடு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மெய்கண்டார் வழிவந்த சித்தாந்தம் வினையைச் சடம் என்கிறது. அதற்கு அறிவில்லை, தானாகப் போய் யாரையும் பற்றிக்கொள்ளத் தெரியாது, பயனை ஊட்டுகிறவன் சிவன். அப்படியென்றால் கணக்குப் புத்தகம் அவனிடம் இருக்கிறது. எழுத்தர் வேலைக்கு எங்களை அவன் கூப்பிடவில்லை. மழை இரவில் வந்த அடியாருக்கு, விதைத்த நெல்லை வாரிவந்து, கூரைக் கொம்புகளை அறுத்து அடுப்பெரித்துச் சோறு போட்ட இளையான்குடி மாறர் கதையில் எனக்குப் பிடித்தது அந்தக் கூரைதான். இந்நேரத்தில் ஏன் வந்தீர் என்று அவர் கேட்கவில்லை. வந்தவர் அடியாராக இல்லாதிருந்தால் என்று ஒரு முள் எனக்குள் குத்துவதும் உண்மை.

மறுபரிசீலனை கேட்க இருபத்தொரு நாள் இருந்தது. அவளிடம் உண்மையைச் சொன்னேன். குசினியில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். “அதுக்கு இங்கிலீசில வேற சொல் இல்லையோ அக்கா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். கடிதத்தில், அது வாக்குமூலம் அல்ல, துக்கத்தில் எங்கள் ஆட்கள் சொல்லுவது, பிழை மொழிபெயர்த்த என்னுடையது என்று எழுதினேன். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை.

அந்த ஆனியில்தான் உச்ச நீதிமன்றம் பர்மிங்காம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நாலு பிள்ளைகளின் தாய் ஒருத்திக்கு மாத வாடகை 700 பவுண். வாடகை உதவியில் 150 பவுணுக்குச் சற்று மேல் குறைந்தது. சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்திருக்கலாம் என்றது கவுன்சில். உதவிப்பணம் மிச்சம் பிடிக்கிற அளவில் கொடுக்கப்படுவதில்லை என்று நீதிபதிகள் அவள் பக்கம் நின்றார்கள். எங்கள் கடிதத்துக்கும் அந்த மாதமே பதில் வந்தது. முடிவை மாற்றியிருந்தார்கள். ‘வினை’ பற்றி ஒரு வரியும் இல்லை.

இரண்டு பஸ் தள்ளி, இரண்டு அறை வீடு. அதுவும் ‘ரெம்பரரி’தான். 2024இல் இங்கிலாந்தில் இப்படித் தற்காலிக இடங்களில் இருந்த பிள்ளைகள் 1,50,000க்கும் மேல். சாமான் ஏற்றும்போது மூத்தவள் மெத்தைக்கடியில் தட்டையாக வைத்திருந்த படங்களை எடுத்துவந்தாள். ஆறு மாதப் படங்கள். அங்கே ஆணி அடிக்கலாமோ என்று கேட்டாள். ஒப்பந்தத்தைப் பிரித்துத் தேடினேன். நாலாம் பக்கத்தில், கூடாது என்று இருந்தது.