பெயரும் கடனும்: கட்டற்ற பணிசெயல் முறைமைக்குப் பெயரிடுதல் பற்றிய ஓர் அறநோக்கு

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் அதனைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிவதற்கான ஏற்பாடு மட்டுமே எனப் பொதுவாகக் கருதப்படுவதுண்டு. ஆயின், பல கைகள் கூடி ஆக்கிய ஒன்றிற்குப் பெயரிடும்பொழுது அவ்வேற்பாடு ஒரு தீர்ப்பாகவும் அமைந்துவிடுகின்றது. எவருடைய உழைப்பு நினைவில் நிற்கும், எவருடையது மறைந்துபோகும் என்பதைப் பெரும்பாலும் பெயரே தீர்மானிக்கின்றது.

கொழும்பு மாநகருக்கு வடக்கே, களனி ஆற்றுக்கு அப்பால் அமைந்த பேலியகொடை இதற்கு நல்லதொரு சான்றாகும். 1875 ஆம் ஆண்டில் இரத்மலானை தர்மாலோக தேரர் அங்கு வித்தியாலங்காரப் பிரிவேனாவை நிறுவினார். அதனை அடிநிலையாகக் கொண்டு 1959 இல் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1972 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வித்தியாலங்கார வளாகமாயிற்று. 1978 இல் களனிப் பல்கலைக்கழகம் எனும் பெயரைப் பெற்றது. இப்பெயர் பொய்யானதன்று. எனினும், அதனை மட்டுமே அறிந்த மாணவன், தான் பயிலும் நிறுவனம் ஒரு பிரிவேனாவின் கல்வி மரபிலிருந்து கிளைத்தது என்பதைப் பெயரினூடாக அறிய வழியில்லை. பொய்யுரைக்காமலே ஒரு பெயர் வரலாற்றை மறைத்துவிடக்கூடும் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் அவ்வூரிலேயே உண்டு. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மத்திய மீன்சந்தையிற் கொவிட் தொற்றுக் கண்டறியப்பட்டபோது, அங்கிருந்து பரவிய நோயாளர் தொகுதிக்குப் 'பேலியகொடைக் கொத்தணி' என்ற பெயர் வழங்கலாயிற்று. அந்நோய் அவ்வூரிற் பிறந்ததன்று. அச்சந்தைக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வணிகர் வந்து சென்றனர். ஆயினும், நாள்தோறும் வெளியான செய்திகளில் நோயின் பெயரோடு ஊரின் பெயரும் சேர்ந்தே ஒலித்தது. ஆகவே, புகழைப் பங்கிடுவது போலவே பழியையும் பங்கிடும் ஆற்றல் பெயருக்கு உண்டு. பெயரிடுவோன் தான் எதையும் செய்யவில்லை, உள்ளதைக் குறிப்பிட்டேன் எனக் கூறித் தப்பிக்கொள்ளுதல் எளிதன்று.

இவ்வுண்மையைப் பின்னணியாகக் கொண்டு நோக்குமிடத்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கணினி உலகில் நிகழ்ந்துவரும் ஒரு வழக்கு வெறும் சொற்பூசல் அன்று என்பது புலனாகும். கட்டற்ற பணிசெயல் முறைமையொன்றை அதன் கையேடுகளிலும் ஆவணங்களிலும் 'லினக்ஸ்' என எழுதுவதா, 'குனு/லினக்ஸ்' என எழுதுவதா என்பதே அவ்வழக்கு.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் பொறியுறுப்புகளுக்கும் அதனைப் பயன்படுத்துவோருக்கும் இடையே நின்று ஏனைய மென்பொருள்கள் யாவும் இயங்குவதற்கு வழிசெய்யும் அடிப்படை மென்பொருளாகும். இயங்குதளம் என்றும் அது வழங்கப்பெறும். 1983 செப்டெம்பரில் அமெரிக்கரான ரிச்சார்ட் ஸ்டோல்மன், எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பிறருக்கு வழங்கவும் கூடிய முழுமையான பணிசெயல் முறைமையொன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். அக்காலத்து யுனிக்ஸ் முறைமையை ஒத்திருப்பினும் அது யுனிக்ஸ் அன்று எனும் பொருளில் அதற்குக் 'குனு' எனப் பெயரிட்டார். 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. 1987 இல் குனு தொகுப்பியும், 1989 இல் 'பாஷ்' எனும் கட்டளை ஏற்கும் மென்பொருளும், அதே ஆண்டிற் குனு பொதுமக்கள் உரிமமும் வெளிவந்தன. 1990களின் தொடக்கத்தில் அம்முறைமையின் பெரும் பகுதி ஆயத்தமாயிருந்தது. பொறியுறுப்புகளை நேரே ஆளும் கரு எனும் மையப்பகுதி மட்டுமே நிறைவெய்தாதிருந்தது.

அக்குறையை நிரப்பியவர் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 இல் அவர் எழுதிய கரு, 1992 இல் குனு பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அதற்கு 'ஃபிரீக்ஸ்' என்ற பெயரையே அவர் முதலிற் கருதியிருந்தார். கோப்புகளை வைத்திருந்த சேவைக் கணினிக்குப் பொறுப்பாயிருந்த அரி லெம்கே என்பவரே அவற்றை 'லினக்ஸ்' எனும் பெயரில் வைத்தார். டோர்வால்ட்ஸ் தம் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டவர் அல்லர் என்பதை இவ்வழக்கை ஆராய்வோர் மறத்தலாகாது. இவ்வாறு குனுவின் கருவிகளும் டோர்வால்ட்ஸின் கருவும் இணைந்து ஒரு முழு முறைமையாயின. மக்களோ கருவின் பெயராலேயே முழுமையையும் அழைத்தனர்.

1990களின் நடுப்பகுதியிலிருந்து ஸ்டோல்மன் முழு முறைமையையும் குனு/லினக்ஸ் என அழைக்குமாறு வேண்டலானார். டெபியன் எனும் தொகுப்பை ஆக்கியோர் அவ்வேண்டுகோளை ஏற்றனர். ஏனைய பலர் ஏற்றிலர். டோர்வால்ட்ஸும், குனு திட்டத்தார் தாமே வெளியிடும் தொகுப்புக்கு அப்பெயர் பொருந்துமாயினும் லினக்ஸ் முழுவதையும் அவ்வாறு அழைத்தல் பொருந்தாது என 2001 இல் வெளிவந்த ஆவணப்படமொன்றிற் கூறினார். அண்டை நாட்டிலும் இரு வழக்கும் உண்டு. கேரளப் பள்ளிகளுக்கென ஆக்கப்பட்ட முறைமை 'கைட் குனு/லினக்ஸ்' எனப்படுகின்றது. சென்னையில் இயங்கும் ஆர்வலர் குழுவோ லினக்ஸ் பயனர் குழு என்றே பெயர் கொண்டது. இலங்கையில் ஆக்கப்பட்ட தொகுப்பொன்று ஹந்தானை மலைத்தொடரின் பெயரோடு லினக்ஸ் என்பதைச் சேர்த்து 'ஹந்தான லினக்ஸ்' என வழங்கியது.

குனுவின் பெயரைச் சேர்க்கவேண்டும் என்போர் முன்வைக்கும் முதல் நியாயம் நன்றியுணர்வாகும். உழைத்தோர் பெயரை விடுத்துப் பின்வந்தோர் பெயரால் மட்டும் ஆக்கத்தைச் சுட்டுதல் நன்றி மறத்தல் என்பது அவர்தம் வாதம். இதற்கு உடனடியாக எழும் மறுப்பு, கேட்டுப் பெறும் நன்றி நன்றியாகுமா என்பதாகும். திருக்குறளிற் செய்ந்நன்றியறிதல் எனும் அதிகாரம் பெரிதும் உதவி பெற்றவனை நோக்கியே பேசுகின்றது. உதவி செய்தவன் தன் கடனைத் தண்டிக்கொள்ள அஃது உரிமை வழங்குவதில்லை. நன்றியறிதல் பெற்றவனின் கடமை; ஆயின், அக்கடமைக்கு எதிர்நிலையிற் கொடுத்தவனுக்கு உரிமை எதுவும் இல்லை. இத்தன்மை அதற்குரிய சிறப்பாகும். குனு திட்டத்தாரும் இதனை ஓரளவு உணர்ந்தே நடந்துள்ளனர். தம் பெயரைச் சொல்லவேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் உரிமத்திற் சேர்க்கவில்லை. அவர்கள் செய்தது வேண்டுகோளே.

நன்றியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வேறொரு இடர்ப்பாடும் தோன்றும். இன்றைய முறைமையொன்றில் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1984 இல் தோன்றிய எக்ஸ் சாளர முறைமை உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தாரின் ஆக்கங்கள் உண்டு. ஆயிரக்கணக்கான தனியாட்களின் எழுத்தும் உண்டு. அனைவர் பெயரையும் கோத்தால் பெயர் பட்டியலாகிவிடும். இவ்விடர்ப்பாட்டை எடுத்துக்காட்டியவர் ஸ்டோல்மனே என்பது சுவையானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் தம் மென்பொருளைப் பற்றிய விளம்பரங்களில் எல்லாம் தம் பெயர் இடம்பெறவேண்டும் என்று உரிமத்தில் நிபந்தனை விதித்திருந்தனர். பிறரும் அதனைப் பின்பற்றவே, 1997 ஆம் ஆண்டின் ஒரு தொகுப்பில் இத்தகைய 75 வாசகங்களை அவர் எண்ணிக் காட்டினார். 1999 இல் அப்பல்கலைக்கழகம் அந்நிபந்தனையை நீக்கியது. பிறர் கோரிய நன்றிவாசகத்தைச் சுமையெனக் கண்டவர் தமக்கென ஒன்றை வேண்டுவது முரண்பாடன்றோ எனும் வினா இங்கு எழுவது இயல்பே. கட்டாயத்திற்கும் வேண்டுகோளுக்கும் உள்ள வேறுபாடு அவ்வினாவின் கூர்மையை மழுக்குமேயன்றி முற்றாக நீக்காது.

ஆகவே, இவ்வழக்கின் உறுதியான அடித்தளத்தை வேறிடத்தே தேடவேண்டும். பெயரினால் எவருக்குக் கடன் தீர்க்கப்படுகின்றது என்பதை மாற்றிக் கேட்டால் வழி தெளியும். ஆவணம் எழுதுபவன் முதற்கண் கடன்பட்டிருப்பது மென்பொருளை ஆக்கியோனுக்கன்று. அதனை நம்பிப் படிக்கும் வாசகனுக்கே.

வாசகனுக்குரிய கடனுள் முதலாவது உண்மை. கையிலுள்ள அன்ட்ராய்டு தொலைபேசியில் இயங்குவதும் லினக்ஸ் கருவே. ஆயின் குனுவின் கருவிகள் அதன் அடிப்படையாக அமையவில்லை. அல்பைன் எனும் தொகுப்பும் குனு நூலகத்திற்குப் பதிலாக வேறொன்றைக் கொண்டு இயங்குவது. மறுபுறம், 2011 இல் வெளிவந்த டெபியனின் ஆறாம் பதிப்பில் லினக்ஸ் கருவுக்குப் பதிலாக ஃபிரீபிஎஸ்டி கருவோடு குனு கருவிகளை இணைத்த வடிவமும் இடம்பெற்றது. ஆகவே குனுவும் லினக்ஸும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தும் வாழக்கூடியவை. ஒரு கையேடு கற்பிக்கும் கட்டளைகள் குனுவின் கருவிகளுக்கு உரியனவாயிருக்க, அதன் முகப்பில் லினக்ஸ் என்று மட்டும் எழுதினால், அக்கட்டளைகள் எங்குச் செல்லும், எங்குச் செல்லா என்பதை மாணவன் அறியமாட்டான். இதே நியாயத்தின்படி, குனு இல்லாதவிடத்து அப்பெயரைச் சேர்த்தலும் பிழையாகும். நன்றி எனும் அளவுகோல் தராத வரம்பை உண்மை எனும் அளவுகோல் தருகின்றது.

இரண்டாவது கடன், நோக்கத்தை அறிவித்தல். டோர்வால்ட்ஸ் சிறந்த கருவியொன்றை ஆக்குவதையே முதன்மையாகக் கருதினார். ஸ்டோல்மன் பயன்படுத்துவோரின் விடுதலையையே குறிக்கோளாகக் கொண்டார். 1998 இல் 'திறந்த மூலம்' எனும் தொடர் கிறிஸ்டீன் பீட்டர்சனால் முன்மொழியப்பட்டுப் பரவியபோது, விடுதலை பற்றிய பேச்சு மேலும் பின்தள்ளப்பட்டது. விலையின்மையையும் தடையின்மையையும் ஆங்கிலம் ஒரே சொல்லாற் குறிக்க, தமிழோ 'இலவசம்' என்றும் 'கட்டற்றது' என்றும் இரண்டாகப் பிரித்துரைக்கின்றது. அவ்வேறுபாடு வாழ்வில் எத்துணை வலிமையுடையது என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் இந்நாட்டுத் தொண்டர்கள் காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிந்து பேணுதற்குச் 'சஹன' எனும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல் ஆறுதலைக் குறிக்கும். அது கட்டற்றதாயிருந்தமையால், பாக்கிஸ்தானிலும் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் நேர்ந்த பேரிடர்களின்போது எவரிடமும் அனுமதி கேட்டு நிற்காமல் எடுத்தாள முடிந்தது. 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகநலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. விலை குறைவு என்பதே காரணமாயிருந்தால் இப்பரவல் நிகழ்ந்திராது; மாற்றவும் வழங்கவும் உள்ள உரிமையே அதனை நிகழ்த்தியது. அவ்வுரிமை எங்கிருந்து வந்தது என்று மாணவன் வினவுதற்குரிய வாயிலாகக் குனு எனும் சிறு சொல் நிற்கின்றது. அச்சொல்லை நீக்கினால் வினவும் வாய்ப்பும் குறையும்.

பலர் கூடி ஆக்கியதில் தனியொருவர் பெயரைக் காப்பது எவ்வாறு என்பது தமிழுக்குப் புதிய வினாவன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர், இயற்பெயர் கிடைக்காத புலவர்களைப் பெயரற்றோர் எனக் கைவிடவில்லை. அவரவர் பாடலிலுள்ள தொடர்களைக் கொண்டே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்றவாறு பெயரிட்டனர். அப்புலவருள் எவரும் தம் பெயரைக் கேட்டு நிற்கவில்லை; கேட்க இயலும் நிலையிலும் இலர். தொகுத்தோரும் நூல் முழுவதற்கும் ஒரு புலவர் பெயரைச் சூட்டாமல், நூலுக்குத் தொகையின் பெயரையும் பாடலுக்குப் பாடியோர் பெயரையும் வேறுவேறாக வைத்தனர். மென்பொருள் தொகுப்புக்கும் இம்முறை பொருந்தும். தலைப்பிற் சில பெயரே இடம்பெறலாம். உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் ஆக்கியோர் பெயர் இடம்பெறுதல் வேண்டும். இன்று திரையில் தோன்றும் தமிழ்ச் சொற்களை ஊதியமின்றி மொழிபெயர்த்துத் தந்தோரும் அவ்வாறு நினைக்கப்படவேண்டியவரே. குனுவின் பெயருக்காக வழக்காடுவோர் அத்தொண்டர்களை மறந்தால் அவ்வழக்கு நெறி தவறியதாகும்.

பேச்சுவழக்கில் மக்கள் எப்பெயரைச் சொல்வர் என்பதை எவரும் கட்டளையிட முடியாது, கட்டளையிடுதலும் முறையன்று. சுருங்கிய பெயரே நாவில் நிற்கும். ஆயின் பேச்சு வேறு, ஆவணம் வேறு. ஆவணம் எழுதுவோன் பொருளை அறியாதவனுக்கு அறிவிக்கும் பொறுப்பை ஏற்றவன். குனு கருவிகள் உள்ளவிடத்து முதன்முறை முழுப்பெயரை எழுதி, அதன் காரணத்தை ஒரு வரியிற் கூறி, பின்னர் சுருங்கிய பெயரை ஆளுதல் அவனுக்கு இயலாத காரியமன்று. குனு இல்லாதவிடத்து அப்பெயரை விடுதலும், மொழிபெயர்த்தோர் பெயரை முன்பக்கத்திற் சேர்த்தலும் அதே பொறுப்பின் கூறுகளாகும். இவை ஸ்டோல்மனுக்கோ டோர்வால்ட்ஸுக்கோ செலுத்தும் திறையல்ல. தான் பயன்படுத்தும் பொருள் எவ்வாறு தன்னை வந்தடைந்தது, அதனை மாற்றும் உரிமை தனக்கு ஏன் உண்டு என்பவற்றை அறியும் உரிமை பெற்ற வாசகனுக்குச் செலுத்தும் கடனாகும். அக்கடன் ஒழுங்காகச் செலுத்தப்படுமாயின், உழைத்தோர்க்குரிய நன்றியைத் தனியே கேட்டுப் பெறவேண்டிய தேவையும் எழாது.