பொதுமரமும் கடனும்: குதூர்ச் சாலையை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

வீட்டு முற்றத்து மரத்திற்கு உடையவர் உண்டு. காட்டு மரத்திற்கு வனத்துறை உண்டு. சாலையோரத்தும் மன்றத்தும் நிற்கும் மரம் எல்லார்க்கும் உரியது. எல்லார்க்கும் உரியது என்பதனாலேயே அதற்கு நீர் வார்க்கும் கடன் எவர்க்கும் உரியதன்று என்னும் நிலை நேர்ந்துவிடுகின்றது. உரிமை பொதுவாக இருக்கும்போது கடன் எவரிடத்துத் தங்குகின்றது? பொதுமரத்தைக் காத்தற்கு ஏற்ற அறவியல் அடிப்படை உறவா, பயனா? இவ்வினாக்களைக் கருநாடகத்துச் சாலை ஒன்றனையும் சங்கப் பாடல்கள் இரண்டனையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது.

குதூர்ச் சாலை

கருநாடகத்தின் மாகடி வட்டத்தில் ஹுலிகல் என்னும் ஊருக்கும் குதூர் என்னும் சிறுநகருக்கும் இடைப்பட்ட சாலையில் ஆலமரங்கள் நிரையாக நிற்கின்றன. இவற்றை வளர்த்தவர்கள் திம்மக்காவும் அவர்தம் கணவர் சிக்கய்யாவும் ஆவர். கூலி வேலை செய்து வாழ்ந்த இவ்விணையர்க்கு மகப்பேறு இல்லை. முதலாண்டில் பத்துக் கன்றுகள், மறுஆண்டில் பதினைந்து, அதற்கடுத்த ஆண்டில் இருபது என மழைக்காலந்தோறும் நட்டனர். குடங்களில் நீர் சுமந்து சென்று வார்த்தனர். ஆடுமாடுகள் மேயாவண்ணம் முள்வேலி கட்டினர். இவ்வாறு வளர்ந்தவை 385 மரங்கள் என்பர். நிரைமரம் எனப் பொருள்படும் 'சாலுமரத' என்னும் கன்னட அடைமொழி திம்மக்காவின் பெயரோடு சேர்ந்தது இதனாலேயே.

பின்னர் இம்மரங்களின் பராமரிப்பைக் கருநாடக அரசு ஏற்றது. 2019ஆம் ஆண்டு திம்மக்காவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அதே ஆண்டில் சாலை விரிவாக்கத் திட்டத்தால் அவர் வளர்த்த மரங்களுக்கு ஊறு நேரும் நிலை எழுந்தது. அவர் முதலமைச்சரிடம் முறையிட, மாற்று வழி காணுமாறு அலுவலர்கள் பணிக்கப்பட்டனர். நட்டவரைப் போற்றிய அரசமைப்பே நடப்பட்டதை வெட்டவும் முனைந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 2025 நவம்பரில் திம்மக்கா மறைந்தார். முறையிடுதற்கு உரியவர் இல்லாத நிலையில் மரத்தின் பொருட்டு யார் பேசுவர் என்னும் வினா இன்று எஞ்சி நிற்கின்றது.

உறவும் பயனும்

நற்றிணை 172ஆம் பாடலில், விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த விதை முளைத்துப் புன்னையாகின்றது. பாலும் நெய்யும் பெய்து வளர்த்த அம்மரத்தைத் தாய் தமக்கை முறையாக்கிப் பேசியமையால், அதன் நிழலில் தலைவனோடு நகையாடத் தலைவி நாணுகின்றாள். மரம் இங்கு உறவு. திம்மக்கா மரங்களைப் பிள்ளைகளாகக் கொண்டதும் இத்தன்மையதே. நாள்தோறும் நீர் சுமக்கச் செய்யும் ஆற்றல் உறவுக்கு உண்டு. ஆயினும் அவ்வுறவு வளர்த்தவரோடு தொடர்புடையது. அயலான் ஒருவனுக்கு அப்புன்னை தமக்கையாகாது.

புறநானூறு 57ஆம் பாடல் வேறொரு நெறியைக் காட்டுகின்றது. பகைவர் நாட்டு வயல்களைக் கொள்ளையிடுக, ஊர்களை எரியூட்டுக, கடிமரத்தை மட்டும் வெட்டாதே என்று புலவர் பாண்டியனிடம் வேண்டுகின்றார். அதற்கு அவர் கூறும் காரணம் இரக்கமன்று. அம்மரங்கள் பாண்டியனின் யானைகளைக் கட்டும் தறியாதற்குப் போதா என்பதே காரணம். வலியோனை அவன் ஏற்கும் மொழியில் தடுக்கும் உத்தி இது எனலாம். எனினும் இவ்வாதத்தில் ஓர் இடர் உண்டு. மரம் தறியாதற்குப் போதுமான பருமை உடையதாயின் வாதம் அங்கேயே வீழ்ந்துவிடும்.

விலையின் எல்லை

மேற்கு வங்கத்து ஜெசோர் சாலை வழக்கில் இவ்விடர் கண்கூடாயிற்று. பாராசாத் முதல் பெட்ராபோல் வரை செல்லும் அச்சாலையில் இருப்புப்பாதை மேம்பாலங்கள் அமைத்தற்கு 356 மரங்கள் வெட்டப்பட வேண்டியிருந்தன. உச்சநீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டொன்றுக்கு 74,500 ரூபாய் எனக் கணக்கிட்டது. மரத்திற்கு விலையே இல்லை என்றிருந்த நிலைக்கு இஃது ஒரு மறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை குறிக்கப்பட்ட பொருள் அதனினும் மிகுந்த விலையால் வெல்லப்படும். 2023இல் மரங்களை வெட்டுதற்கு நீதிமன்றம் இசைவளித்தது.

மேம்பாலத்தால் மக்கள் உயிர் காக்கப்படும் என்னும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நெரிசலில் சிக்கும் நோயாளியினும் மரம் பெரிதென்று அறவியல் கூறாது. எனினும் வெட்டுதற்கு இசைவு கிடைத்ததனால் கடன் தீர்ந்துவிடுகின்றதா என்பது வேறொரு வினா.

நிழற்கடன்

'கடன்' என்னும் தமிழ்ச்சொல் கடமையையும் திருப்பித் தரவேண்டிய பொருளையும் ஒருங்கே குறிக்கும். நிழலில் ஒதுங்கிய ஒவ்வொருவரும் தாம் நடாத மரத்தின் பயனைத் துய்த்தவர். நட்டவர்க்கு அதனைத் திருப்பியளித்தல் இயலாது. ஆகவே அக்கடன் வருவோரை நோக்கியே செலுத்தப்பட வேண்டியதாகின்றது. இவ்வாறு கொள்ளின், கடன் ஒருவர் அன்போடு முடிவதுமில்லை, ரூபாய்க் கணக்கில் கரைவதுமில்லை. அது சாலையைப் பயன்படுத்தும் ஊரார் அனைவரையும் பற்றுகின்றது.

வெட்டுதல் தவிர்க்கவியலாத இடத்தும் இக்கடன் எஞ்சும். ஒரு மரத்திற்கு ஐந்து கன்றுகள் நட வேண்டும் என்பது ஜெசோர் சாலை வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2018இல் விதித்த நிபந்தனை. நடுதல் ஒரு நாட்செயல், வளர்த்தல் பல்லாண்டுச் செயல். கன்றுகளை எண்ணுவதால் கடன் தீராது. நிழலிழந்த ஊரார்க்கு நிழல் திரும்பும் நாளிலேயே அது தீரும்.

முடிவுரை

உறவு மரத்தை வளர்க்கின்றது. பயன் பற்றிய வாதம் ஆள்வோரிடம் மரத்திற்காக வழக்காடுகின்றது. இவ்விரண்டும் தேவை, இவை மட்டும் போதா. நட்டவர் மறைந்த பின்னும், கணக்கு எதிராக அமைந்த போதும் மரத்தின் பக்கம் நிற்றற்கு நிழற்கடன் என்னும் உணர்வே அடிப்படையாகின்றது. குதூர்ச் சாலையின் ஆலமரங்களுக்கு இனி உறவு கொண்டாடும் தாய் இல்லை. அவற்றின் நிழலில் நடப்போர் உள்ளனர். கடன் அவர்களிடத்தே உள்ளது.